விருந்தாளி வெளியே நின்ற மழை

என் அக்காள் சாமிகளோடு ஒப்பந்தம் செய்துகொள்வதில் கெட்டிக்காரி. ஒப்பந்தத்தை அவள் செய்வாள். நிறைவேற்றுவது மற்றவர்கள் பொறுப்பு. நான் ரங்கூனிலிருந்து விடுமுறைக்குக் கப்பலேறிய சமயத்தில், கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். தம்பி பத்திரமாகக் கரை சேர்ந்தால் கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்கு வந்து, அருவியில் முழுகி அர்ச்சனை செய்வதாக உடனே நேர்ந்துகொண்டாள். நான் கரை சேர்ந்தேன். அவளுக்கு முழங்கால் வலி. ஆகவே முழுக வேண்டியவன் நான் என்று ஆகிவிட்டது.

“கடல்ல முழுகாம வந்ததுக்கு அருவியில முழுகினா ஒண்ணும் கொறஞ்சு போயிடமாட்டே. போயிட்டு வாடா கண்ணு” என்றாள்.

நாமக்கல்லில் அப்போது கத்திரி வெயில் முடிந்தும் முடியாத நாட்கள். ஊர் நடுவே நிற்கும் பாறை பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் அதை எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும். ரங்கூனில் இதே நாட்களில் மழை இறங்கியிருக்கும். குடையில்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமுடியாது. அந்தப் பழக்கத்தில் நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் குடையையும் பார்த்தார்கள், வானத்தையும் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

பஸ் பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார். “ஏனுங்க, அந்தக் கூசாவுல தண்ணி இருக்குங்களா? வண்டிக்குத் தாகமுங்க” என்றார். கொடுத்தேன். கொஞ்ச தூரம் போய் வண்டிக்கு மறுபடியும் தாகம் எடுத்தது. இப்படி எல்லோருடைய குடிதண்ணீரையும் ஒவ்வொன்றாகக் குடித்து முடித்துத்தான் அது பேளுக்குறிச்சி போய்ச் சேர்ந்தது. இறங்கிய வேகத்தில் சந்தையில் மோர் விற்றவளிடம் நான் குடித்த மோர் அந்த பஸ் குடித்த தண்ணீருக்குக் குறைந்ததல்ல.

அன்று சந்தை நாள். மலைக்காரர்கள் பலாப்பழத்தையும் மிளகையும் வாழைத்தாரையும் விற்றுவிட்டு, உப்பும் கருவாடும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விலை பேசும்போதுகூட அவர்கள் கண் மலை உச்சியில்தான் இருந்தது. எல்லார் வாயிலும் மழைப் பேச்சு. அங்கே ஒரு நடுவயதுக்காரரிடம் கோயிலுக்கு வழி கேட்டேன். அவர் பெயர் பொன்னான். மலைமேல் பெரக்கரை நாட்டில் ஒரு சின்ன ஊர்.

“வழி என்னத்துக்குங்க? நான் அங்கதான் போறனுங்க. எங்கூட வாங்க. எங்க ஊர்ல ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு, அடுத்த நா கோயிலுக்குப் போகலாமுங்க” என்றார்.

அன்றிரவு சந்தையிலேயே தங்கி, மறுநாள் விடியுமுன் ஏறத் தொடங்கினோம். சூரியன் வந்தபிறகு பாதை அடுப்பாகிவிட்டது. ஓடைகளில் கல் மட்டும் இருந்தது. சருகு மிதிபடும் சத்தத்தைத் தவிரக் காட்டில் வேறு சத்தம் இல்லை. பொன்னான் தலையில் உப்பு மூட்டையோடு ஏறினார். நான் குடையோடு ஏறினேன். நின்று மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் அவர் தம் தங்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

தங்கை பெயர் வெள்ளையம்மா. புருஷன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. மலையில் கோடை முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் புதுப்புல் வேய்ந்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஊர் முழுவதும் சேர்ந்து அந்த வீட்டை முடித்துவிடும். புல் அறுத்துச் சேர்க்க வெள்ளையம்மாவின் வீட்டில் ஆண் இல்லாததால், அவள் முறை கடைசியில் வந்தது. அந்த நாள் இன்றுதான்.

“மழை பேஞ்சா நல்லதுதானே?” என்றேன்.

“நல்லதுதானுங்க. ஆனா இன்னிக்கிப் பேயக்கூடாதுங்க. பழைய புல்லைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. உள்ள வெதைக் குதிர் இருக்குது. போன வருசம் சாமை சரியா வெளையல. யாரு ஊட்டுலயும் எச்சா வெதை கெடையாது. அது நனைஞ்சு மொளைச்சுப்போச்சுன்னா எந்தங்கச்சி இந்த வருசம் காட்டைச் சும்மா போட்டுப்போட்டு உக்கார வேண்டியதுதான்.” மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஊரே மழை வேணும்னு கும்புடுது. அவ மட்டும் இன்னிக்கொரு நா பொறுத்துக்கன்னு கும்புட்டுக்கிட்டிருப்பா.”

விதையை வேறு வீட்டுக்கு மாற்றி வைக்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். குதிர் என்பது மூங்கில் பின்னி மண் பூசி வீட்டுக்குள்ளேயே கட்டியது. வாசல் வழியாக வராது. விதைக் குதிரின் வாயை விதைக்கிற நாளில்தான் திறப்பார்கள். அதற்குமுன் திறப்பது அவர்களுக்கு ஆகாத காரியம்.

உச்சிவேளைக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். மேலே வந்ததும் காற்றின் குணமே மாறிவிட்டது. உழுது புழுதியாய்ப் போட்ட காடுகள் படிப்படியாகக் கிடந்தன. ஒரு மேட்டில் நெருக்கமாகச் சில வீடுகள். அவற்றில் ஒரு வீட்டின்மேல் மட்டும் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். கீழேயிருந்து பெண்கள் புல்கற்றைகளைக் கைமாற்றி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள். முன்னால் வந்து வரவேற்ற பெரியவர் அந்த ஊரின் தலைவர், ஊர்க்கவுண்டர் என்றார்கள். வெள்ளையம்மா முப்பது வயதுக்காரி, தலையெல்லாம் புல் தூசி. என் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “வாங்க சாமி, உள்ள வாங்க” என்றாள்.

வீட்டின் வடக்குச் சரிவில் புதுப்புல் பாதிவரை ஏறியிருந்தது. தெற்குச் சரிவில் வெறும் மூங்கில் வரிச்சுதான். அதற்கு நேர்கீழே ஆள் உயரத்துக்குக் குதிர் நின்றது. நிழல் விழுந்த பக்கத்தில் எனக்குப் பாய் போட்டார்கள். சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, சுட்ட பலாக்கொட்டை, கடைசியில் தேன் விட்டுப் பிசைந்த வாழைப்பழம். மலை ஏறிய பசிக்கு நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டேன். ரங்கூனில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஒரு பர்மியக் கிழவி. யாராவது வந்து நேரம் கடத்தினால், “இப்போது கிளம்பினால் நனையாமல் போகலாம்” என்று தன் பாஷையில் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். இங்கே அந்தப் பேச்சே இல்லை. நான் நிதானமாகச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டபின் பார்த்தால், வெளியே ஊரே புல்கட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் வெற்றிலை போடுகிறார், ஒருவர் நார் முறுக்குகிறார். கூரைமேல் ஆளில்லை. “இன்னிக்குள்ள முடிஞ்சிருமா?” என்று பொன்னானைக் கேட்டேன்.

“முடிஞ்சிருமுங்க. வெயில் தாழட்டும்னு உக்காந்திருக்கறோமுங்க.”

ரங்கூனில் நான் வேலை பார்க்கும் மரக் கம்பெனியில் மத்தியானம் பத்து நிமிஷம் அதிகமாக உட்கார்ந்தால் துரை மணியைப் பார்ப்பார். இந்த மலையில் அவசரம் என்பதையே படைக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு, பாயில் சாய்ந்தேன். வெள்ளையம்மா வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்க சாமி, அந்தப் பலாமரத்தடியில நல்லாக் காத்து வருமுங்க. பாயை அங்க போட்டுத் தரட்டுங்களா?”

“வேண்டாம்மா. இங்கேயே சொகமா இருக்குது.”

“சரிங்க” என்று போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பொன்னான் வந்தார். ஊருக்குக் கீழே ஒரு சுனை இருக்கிறது, இந்தக் கோடையிலும் வற்றவில்லை, பார்க்க வருகிறீர்களா என்றார். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பிறகு ஊர்க்கவுண்டரே வந்து எட்டிப்பார்த்தார். சாப்பாடு பிடித்ததா என்று விசாரித்தார். பிடித்தது என்றேன். சற்று நின்றார். போய்விட்டார். என்ன அன்பான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

இடிச்சத்தம்தான் எழுப்பியது. வரிச்சின் சந்து வழியாகத் தெரிந்த வானம் வெளுப்பாக இல்லை. ஈயப்பாத்திரத்தின் அடிபோல் கறுத்திருந்தது. கோடையெல்லாம் காத்திருந்த மேகம் தென்மேற்கு உச்சியில் வந்து ஏறிக்கொண்டிருந்தது. நன்றாகப் பார்க்கலாம் என்று எழுந்து வெளியே வந்தேன்.

நான் வாசலைத் தாண்டினேனோ இல்லையோ, உட்கார்ந்திருந்த ஊர் எழுந்தது. ஆண்கள் ஏணியில்கூட ஏறாமல் தூணைப் பிடித்துக் கூரைமேல் தாவினார்கள். புல்கற்றைகள் பறந்தன. இத்தனை சுறுசுறுப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று ஆச்சரியப்பட்டேன். மழைக்குக் குடை எடுத்துக்கொள்ளலாமே என்று திரும்ப வீட்டுக்குள் போனேன். தலைக்கு மேல் தடதடவென்று சத்தம். வெளியே எட்டிப் பார்த்தால் எல்லோரும் தரையில் நிற்கிறார்கள். குடையோடு வெளியே வந்தேன். எல்லோரும் மறுபடி மேலே.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொன்னானைக் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“விருந்துக்கு வந்தவங்க உள்ள இருக்கறப்ப அவங்க தலைக்கு மேல காலு வெக்கக்கூடாதுங்க. எங்களுக்கு அது ஆகாதுங்க.”

“இத முன்னாலயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீங்க எந்திரிச்சு வெளிய வந்துருப்பீங்களே சாமி” என்றார். அதுதான் முழுப் பதில் என்பதுபோல் அவர் கற்றையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர்கள்மேல் கோபமாகவும் இருந்தது. ஒரு வருஷத்து விதை திறந்த கூரைக்குக் கீழே கிடக்கிறது. நான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரே மரியாதையாக உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்படியும் ஒரு மரியாதை உண்டா என்று கத்தலாம்போல் இருந்தது. ஆனால் கத்துவதற்கு ஆள் யார்? எல்லோரும் கூரைமேல்.

முதலில் காற்று வந்தது. கோடையின் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கண்ணில் போட்டது. குடையை விரித்தேன், அது உடனே வாய் மேலாகத் திரும்பிக்கொண்டது. பிறகு தடித்த துளிகள், ஒவ்வொன்றாக, புழுதியில் குழி பறித்தன. மண் வாசனை எழுந்தபோது பெண்கள் யாரும் மூச்சை இழுத்து அனுபவிக்கவில்லை. கைமாற்றும் வேகம்தான் கூடியது. நானும் ஒரு கற்றையைத் தூக்கினேன். வெள்ளையம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். விருந்தாளி சுமக்கக்கூடாதாம். பலாமரத்தடியில் போய் ஒதுங்கினேன்.

கூரையின்மேலிருந்து ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டார். “மரத்தடியில நிக்காதீங்க சாமி, இடி எறங்கும். எங்க ஊட்டுக்குப் போயிரலாம், இருங்க, நான் வாரேன்.”

அவர் அப்போது குதிருக்கு நேர்மேலே உட்கார்ந்து நாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டார் வேலையை விட்டுவிட்டு வந்து என்னை உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். ஊரில் கை ஒழிந்தவர் ஒருவர்கூட இல்லை. “நான் மழை பாக்கறதுக்கே வந்தவனுங்க. இங்கயே நிக்கிறேன்” என்று கத்தினேன். பொய்தான். என்னால் அந்தக் கூரைக்குச் செய்யமுடிந்த வேலை வெளியே நிற்பது ஒன்றுதான். அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று மரத்தைவிட்டு விலகி வெட்டவெளியில் நின்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. ரங்கூன் மழையில் எத்தனையோ தரம் நனைந்திருக்கிறேன். அது நாள்கணக்கில் நின்று நிதானமாகப் பெய்யும். இது அப்படியில்லை. கோபித்துக்கொண்டு போனவன் கதவைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்ததுபோல் இருந்தது. இடையில் ஆலங்கட்டி வேறு விழுந்து மண்டையில் அடித்தது. மின்னல் வெட்டும்போதெல்லாம் கூரைமேல் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். இடி உருண்டு போனதும் நிமிர்ந்து அடுத்த கற்றைக்குக் கை நீட்டினார்கள். யாரும் இறங்கவில்லை. வாசல் வழியாக உள்ளே தெரிந்தது: வெள்ளையம்மா உரலின்மேல் ஏறி நின்று, கம்பளியைக் குதிரின் தலைமேல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் தண்ணீர் ஓடியது. அது மழையா என்று என்னால் சொல்லமுடியாது.

கடைசிக் கற்றை முகட்டில் ஏறியபோது எனக்குப் பல் கிட்டித்துப்போயிருந்தது. அவர்கள் இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “இப்ப உள்ள வாங்க சாமி” என்றார் ஊர்க்கவுண்டர்.

உள்ளே தரை சேறாக இருந்தது. குதிரின் அடிப்பூச்சு ஒரு பக்கம் கரைந்திருந்தது. கம்பளியைப் பிழிந்தபோது நிறையவே தண்ணீர் வந்தது. விதை என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. ஆனாலும் ஒருவரும் குதிரின் வாயில் கை வைக்கவில்லை. வெள்ளையம்மா அடுப்பை மூட்டி எனக்குச் சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை மலை கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஊர்க்கவுண்டர் காட்டில் இறங்கி மண்ணை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, ஒரு நாள் உலரவிட்டு விதைக்கலாம் என்று ஊருக்குச் சொன்னார். நான் பொன்னானோடு கோயிலுக்குப் புறப்பட்டேன். நேற்று கல்லாய்க் கிடந்த ஓடைகளெல்லாம் இன்று எங்களைத் தடுத்து நிறுத்தின. அருவி செந்நிறமாய் இரைந்துகொண்டு விழுந்தது. கிட்டே போனால் அக்காளின் ஒப்பந்தம் அடியோடு முறிந்துவிடும். ஒதுங்கிய பாறை ஒன்றில் உட்கார்ந்து கையால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். சாமி இதை முழுக்காக ஏற்றுக்கொள்ளும் என்று பொன்னான் உறுதி சொன்னார்.

அர்ச்சனை முடிந்து கும்பிடும்போது, நான் இதுவரை செய்யாத காரியம் ஒன்றைச் செய்தேன். அந்தக் குதிரில் விதை உலர்ந்திருந்தால் அடுத்த விடுமுறையிலும் இந்த மலை ஏறி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். குடும்ப வியாதி என்னையும் தொற்றிக்கொண்டது. அன்று கோயிலண்டை தங்கி, அடுத்த நாள் திரும்பினோம். 

ஊரை அடைந்தபோது காடுகளில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளையம்மாவின் வீட்டு வாசலில் ஒரு முறம் நிறைய ஈரச் சாமை கிடந்தது. அருகில் போய்ப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாய் முளை கட்டியிருந்தது. பொன்னான் உப்பு மூட்டையை இறக்குகிறவரைப்போல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளையம்மா உள்ளேயிருந்து வந்தாள். தோள்வரை கையில் விதைத்தூசி ஒட்டியிருந்தது.

“அது மேலாப்புல இருந்ததுங்கண்ணா. ஒரு மொறந்தான் போச்சு. கீழ பூராவும் காஞ்சு கெடக்குது” என்று கைநிறைய அள்ளி அண்ணனிடம் நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கி, ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்தார். ‘கடக்’ என்று சத்தம் கேட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காததுபோல் நான் குடையின் முறிந்த கம்பியைச் சரிசெய்தேன்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்றாள். இலை போட்டாள். உட்கார்ந்தேன். மேலே புதுப்புல்லின் மணம். எங்கும் ஒரு பொட்டு வெளிச்சம்கூட ஒழுகவில்லை. மனதிலிருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

“ஏம்மா, அன்னிக்கு என்னை ஒரு வார்த்தை வெளிய போய் உக்காருங்கன்னு சொல்லியிருந்தா இந்த ஒரு முறமும் போயிருக்காதே?”

அவள் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். யோசித்துப் பதில் சொல்லவேண்டிய கேள்வியாகவே அவளுக்கு அது படவில்லை.

“சோறு திங்க உக்காந்தவங்கள எழுப்பி உட்டுத்தான் வெதையக் காப்பாத்தோணும்னா, அதுல வெளையறத அப்பறம் யாருக்குங்க சாமி போடறது?”

குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அவளை எதிர்த்துச் சொல்லச் சில நியாயங்களை யோசித்துப் பார்த்தேன். மரக் கம்பெனியில் செல்லுபடியாகும் நியாயங்கள் எல்லாம் இருந்தன. சோறு ருசியாக இருந்தது.

வெளியே பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்ததைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தேன். வாசல் பக்கம் சாய்ந்து பார்த்தேன். வீட்டுக் கூரையோடு சேர்ந்து இறங்கும் மாட்டுக் கொட்டகைக்குப் புல் பாக்கி இருந்திருக்கிறது. ஊர்க்கவுண்டரும் நாலைந்து பேரும் புல்கட்டுகளின்மேல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். தென்மேற்கில் மேகம் மறுபடி கூடிக்கொண்டிருந்தது. ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை.

“அம்மா” என்று கூப்பிட்டேன். வெள்ளையம்மா வந்தாள்.

“அந்தப் பலாமரத்தடியில நல்லாக் காத்து வரும்னு சொன்னீங்களே. பாயை அங்க போட்டுத் தர்றீங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள். பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தபடி பாயைச் சுருட்டினாள். நான் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.